மூன்று விரல் உப்பு

1980 முதல் 1990 வரை வங்கதேசத்தின் கிராமங்களில் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று தாய்மாருக்கு ஒரு கைமருந்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு இதைக் கலக்கிக் கொடுக்க வேண்டும். பிராக் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய இந்தத் திட்டம் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதைக் கணக்கிட்டு ஊழியர்களுக்குச் சம்பளம் தரவில்லை. சில வாரம் கழித்துக் கண்காணிப்பாளர் ஒருவர் அதே ஊருக்குப் போவார். சில தாய்மாரைத் தேர்ந்தெடுத்து, கற்றுக்கொண்டதைச் சொல்லச் சொல்வார்; அவர்கள் கையாலேயே கரைசலைக் கலக்கச் சொல்வார். அந்தக் கரைசல் ஆய்வகத்துக்குப் போகும். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதைப் பொறுத்தே கற்றுக் கொடுத்தவருக்குக் கூலி.

உப்பும் வெல்லமும் எந்த அடுக்களையிலும் இருப்பவை. அவற்றின் பெயரை யாரும் யாருக்கும் கற்றுத் தர வேண்டியதில்லை. அந்தப் பெண்கள் வெயிலில் நடந்து போய்க் கற்றுக் கொடுத்தது விரலின் அளவை. எந்த ரேகை வரை உப்பு எடுக்க வேண்டும், எந்தப் பாத்திரத்தில் எந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை.

நம் வீட்டு மருந்துகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் திட்டம்தான் நினைவுக்கு வருகிறது. கைவைத்தியத்தில் பொருள் பாதிதான். அளவு, பக்குவம், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும் என்ற எல்லை, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது மருந்தாகிறது. நமக்கோ பொருளின் பெயர் மட்டுமே கைமாறி வந்துகொண்டிருக்கிறது. மஞ்சள் நல்லது, கீழாநெல்லி நல்லது, செம்புத் தண்ணீர் நல்லது என்கிறோம். எவ்வளவு, எப்படி, யாருக்கு, எதுவரை என்ற கேள்விகள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. கைவைத்தியத்தை ஒட்டுமொத்தமாகத் தூக்கிப் பிடிப்பவர்களும், ஒட்டுமொத்தமாகத் தள்ளுபவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். இரு தரப்புமே பொருளைப் பற்றி மட்டும் வாதாடுகிறது.

கஞ்சியை எடுத்துக்கொள்வோம். பேதி கண்டவர் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வடிந்துபோகின்றன. வெறும் தண்ணீர் குடித்தால் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. ஆனால் சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றுசேர்ந்து உள்ளே நுழைவதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. பேதியிலும் அந்த வழி அடைபடுவதில்லை. அவை நுழையும்போது தண்ணீரும் கூடவே போகிறது. 1960இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் இந்தக் கருத்தை முன்வைத்தார். பதினோரு ஆண்டுகள் கழித்து, வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பன்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் கரைசல் கலந்து, பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே ஒப்படைத்தார். 30 சதவீதம் வரை போயிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. தாயும் தம்பியும் கிண்ணத்தில் மொண்டு புகட்டிய மருந்து அது.

இன்று பொட்டலத்தில் வரும் ஓஆர்எஸ் உப்பின் அளவுகள் 2002இல் திருத்தப்பட்டன. ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. சர்க்கரையைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. சர்க்கரை மிகுந்தால் குடல் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உடம்பிலிருந்து குடலுக்குள் தண்ணீர் இழுபடும், பேதி கூடும். குளிர்பானமும் பாட்டில் ஜூஸும் பேதிக்கு உதவாமல் போவது இதனால்தான். உப்பு கூடினால் கைக்குழந்தைக்கு மூளை வரை ஆபத்து. வீட்டில் கலப்பதானால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். கண்மதிப்புக்கு இங்கே இடமில்லை.

அரிசிக் கஞ்சியின் சிறப்பு இந்த இடத்தில்தான் புலப்படுகிறது. கஞ்சியிலுள்ள மாவுப்பொருள் குடலுக்குள் போய் மெல்ல மெல்ல உடைந்து குளுக்கோஸாகிறது. ஒரேயடியாகச் சர்க்கரை கொட்டுவதில்லை என்பதால் தண்ணீரை வெளியே இழுக்கும் தொல்லை இல்லை. சோடியத்தை உள்ளே கொண்டுபோவதற்கு வேண்டிய குளுக்கோஸோ தாராளமாகக் கிடைக்கிறது. காலரா நோயாளிகளிடம் அரிசி மாவில் செய்த கரைசல் மலத்தின் அளவைக் குறைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் இன்னொரு படி மேலே போனார்கள். எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவை லிட்டருக்கு 50 கிராம் கரைசலில் சேர்த்து, காலரா கண்ட 48 பேரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். 2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அது வெளிவந்தது. அந்த மாவு பெருங்குடல் வரை செரிக்காமல் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து, சிறு கொழுப்பு அமிலங்களாகி, பெருங்குடலும் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சத் துணைசெய்கிறது. வழக்கமான கரைசலைவிடவும், அரிசி மாவுக் கரைசலைவிடவும் பேதி சீக்கிரம் நின்றது.

ஆக, காய்ச்சலுக்கும் பேதிக்கும் கஞ்சி வைத்த நம் வீட்டுப் பெண்களின் கை சரியான பொருளின் மேல்தான் போயிருக்கிறது. ஆனால் உப்புப் போடாத கஞ்சி பாதி மருந்துகூட இல்லை. இன்னும் மோசமான ஒன்றும் அதே வீடுகளில் புழங்குகிறது: ‘தண்ணி குடுத்தா இன்னும் போகும், குடுக்காதே’ என்பது. தேசிய குடும்பநல ஆய்வுகள் ஒவ்வொரு முறையும் இதைக் காட்டுகின்றன. பேதியின்போது குழந்தைக்கு வழக்கத்தைவிடக் குறைவாகக் குடிக்கக் கொடுக்கும் வீடுகள் இன்னும் கணிசமாக உள்ளன. கஞ்சியும் மரபு, தண்ணீரை நிறுத்துவதும் மரபு. ஒன்று உயிரைக் காக்கும், மற்றது வாங்கும். பழையது என்ற ஒரே காரணத்தால் இரண்டையும் ஒரு தட்டில் வைக்க முடியாது.

பழமைக்கும் பலனுக்கும் உள்ள இந்த இடைவெளியை மஞ்சள் வழக்கு நன்றாக விளக்கும். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. மஷேல்கர் தலைமையில் இயங்கிய இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்து வழக்காடி 1997இல் ரத்து செய்யவைத்தது. அது பெருமைக்குரிய வெற்றி. அதன் தொடர்ச்சியாக மரபு அறிவு மின்னணு நூலகமும் உருவானது. ஆனால் அங்கே நிறுவப்பட்டது ஒன்றுதான்: இது எங்களுக்கு முன்பே தெரியும். மஞ்சள் எந்தப் புண்ணை எவ்வளவு நாளில் ஆற்றும் என்பது வேறு கேள்வி. அந்த வெற்றியையே மருத்துவச் சான்றாகக் காட்டுவது இன்றும் நடக்கிறது.

மஞ்சளின் மருந்துச் சத்தாகச் சொல்லப்படும் குர்குமின், மஞ்சள் தூளில் ஏறக்குறைய 3 சதவீதம். ஒரு தேக்கரண்டித் தூளில் 100 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஒருவருக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். அவ்வளவு கொடுத்தும் இரத்தத்தில் மிகச் சொற்பமே தென்பட்டது. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்ததும் உறிஞ்சப்படும் அளவு இருபது மடங்கு உயர்ந்தது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடும் வழக்கத்துக்கு இது அறிவியல் ஆதாரம் என்று பலரும் எழுதுகிறார்கள். எழுதுபவர்கள் அந்த 2 கிராமை மறந்துவிடுகிறார்கள். அத்தனை குர்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். எந்தத் தம்ளர் பாலிலும் அது கரையாது. அந்த மறதியைத்தான் மாத்திரை விற்பவர்கள் பணமாக்குகிறார்கள். குர்குமினைப் பிரித்தெடுத்து, பைப்பரினும் சேர்த்து அடைத்த மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி கண்டவர்களை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தொண்டை கரகரப்புக்குச் சூடாக ஒரு தம்ளர் மஞ்சள் பால் இதமானது, கெடுதலும் இல்லை. அதே பொருள் மாத்திரைக்குள் போனதும் வேறொன்றாகிவிடுகிறது.

வீட்டு மருந்தின் தூய்மை இன்று வீட்டின் கையில் இல்லை என்பதும் மஞ்சளில்தான் தெளிவாகத் தெரிகிறது. நிறம் தூக்கலாக இருக்க வேண்டும் என்று மஞ்சளில் ஈயக் குரோமேட் சேர்ப்பதை 2019இல் வங்கதேசத்தில் ஆராய்ச்சியாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஏறியிருந்த ஈயம் அந்த மஞ்சளிலிருந்து வந்தது. அந்நாட்டு அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்துச் சில ஆண்டுகளில் அந்தக் கலப்படத்தைச் சந்தையிலிருந்தே அநேகமாக ஒழித்துக்காட்டியது. முழு விரலி மஞ்சளை வாங்கிக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைக்கும் பழக்கம் இன்னும் இருக்கும் வீடுகள் அதை விட்டுவிடக் கூடாது. பளபளவென்று சாயம் பூசினாற்போல் மின்னும் விரலியை மட்டும் ஒதுக்க வேண்டும்; கலப்படம் அந்தப் பூச்சில்தான் ஒட்டியிருக்கும்.

பக்குவம் என்பதைச் சித்த மருத்துவம் மிகக் கறாராகவே பேசுகிறது. சுக்கின் மேல்தோலைச் சீவ வேண்டும், கடுக்காயின் கொட்டையை நீக்க வேண்டும். நஞ்சு ஒன்றில் வெளியே, மற்றதில் உள்ளே என்பது அந்த மரபின் கணக்கு. இந்தக் கணக்கு வேதியியலோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் மனப்பான்மை. இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றது என்று அந்த மரபு ஒருபோதும் சொன்னதில்லை. ‘பக்கவிளைவே இல்லாதது’ என்ற வாசகம் விளம்பரக்காரர்களுடையது, வைத்தியர்களுடையது அல்ல.

செம்புக்குடத்துக்கு வருவோம். இது மருந்தும் புழங்குபொருளும் சேர்ந்த ஒன்று. 2012இல் பெங்களூர் ஆய்வாளர்கள் காலரா, டைபாய்டு, சீதபேதிக் கிருமிகள் கலந்த தண்ணீரைச் செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்திருந்தார்கள். அதன்பின் அந்தக் கிருமிகளை வளர்த்தெடுக்க முடியவில்லை. தண்ணீரில் கரைந்திருந்த செம்போ உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இந்த முடிவு எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருவது. மின்சாரமும் வடிகட்டியும் இல்லாத வீட்டுக்கு இது பெரிய விஷயம். ஆனால் மருந்து செம்பு மட்டுமல்ல. அந்த 16 மணி நேரமும்தான். மாலையில் நிரப்பி மறுநாள் காலை நேரம் கழித்துக் குடித்தவர்களின் வழக்கத்துக்கு அது பொருந்தும். காலையில் செம்பு பாட்டிலில் பிடித்துக்கொண்டு பேருந்திலேயே குடித்து முடிப்பவருக்குப் பாட்டிலின் அழகுதான் மிச்சம்.

எல்லையும் அந்த வழக்கத்திலேயே இருந்தது. செம்பிலும் பித்தளையிலும் மோர், புளிக்குழம்பு, எலுமிச்சைச் சாறு வைக்க மாட்டார்கள். புளிப்பில் செம்பு கரைந்து குமட்டலும் வாந்தியும் வரும். களிம்பேறிய பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவதும் இதே வேலைதான். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைத்தெடுக்கிறது. தேய்ப்பதற்கு உகந்தது சமைப்பதற்கு ஆகாது. அதற்காகவே நவச்சாரம் தூவி, தணலில் காட்டி, உள்ளே ஈயம் பூசுபவர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். பூச வேண்டியது வெள்ளீயம். அதில் காரீயம் கலந்தால் உணவே நஞ்சு. ரசத்துக்கு ஈயச் சொம்பு வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு, சோதித்துத்தான் வாங்க வேண்டும்; புளியும் தக்காளியும் கொதிக்கும் பாத்திரம் அது.

கீழாநெல்லியின் கதை இன்னும் சிக்கலானது. மஞ்சள் காமாலைக்கு அதை அரைத்து மோரில் கலந்து குடிக்காத தமிழ்க் குடும்பம் குறைவு. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினரும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து ஓர் ஆய்வை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அந்த வைரஸை உடலில் தாங்கியிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் 30 நாள் கொடுக்கப்பட்டது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு. பிறகு தாய்லாந்திலும் வேறு நாடுகளிலும் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. விளைந்த மண்ணா, பறித்த பருவமா, செடியின் இனமே வேறா என்ற விவாதம் நீண்டது. தென்னிந்திய நாட்டுமருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்கும் சருகில் அதே பேரினத்தைச் சேர்ந்த பல செடிகள் கலந்திருப்பதை மரபணுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

வீட்டில் நடப்பது இதைவிட எளிய குழப்பம். தண்ணீரால் பரவும் காமாலை பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் என்ன குடித்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேர்கிறது. அதே மஞ்சள் நிறம் பித்தப்பைக் கல்லாலும் வரும், புற்றாலும் வரும், எலிமருந்தாலும் வரும். கருவுற்ற பெண்ணுக்கு வந்தால் நாளைக் கடத்தவே முடியாது. தியாகராஜன் போன்றவர்கள் செய்தது மரபுக்கு நாம் தரக்கூடிய ஆகப் பெரிய மரியாதை: எடை போட்டு, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, எண்ணிக்கையை வெளியே சொல்லி, மற்றவர்களும் சோதித்துப் பார்க்க விட்டது. முடிவு நிலைக்காமல் போனாலும் அந்த வழி சரியான வழி. ஒரு கைவைத்தியத்தை அப்படிச் சோதிக்கக் கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்பவர்கள் அதன் பகைவர்கள் என்றே நினைக்கிறேன்.

எல்லையை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டிய இடம் தொட்டில். பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் சேனை இன்னும் பல குடும்பங்களில் உண்டு. தொட்டு வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்ற நம்பிக்கையோடு. ஒரு வயது தாண்டியவரின் இருமலுக்குத் தேன் நல்ல மருந்து. பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டுதலே 2018 முதல் அதைப் பரிந்துரைக்கிறது. ஒரு வயதுக்குள் அதே தேன் ஆபத்து. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துகள் வளர்ந்த குடலில் முளைப்பதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கும். தொப்புள்கொடியில் சாம்பலும் சாணமும் வைத்த பழக்கத்தால் ரணஜன்னி வந்து இறந்த சிசுக்களுக்குக் கணக்கு ஏது? தாய்க்குத் தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், அறுத்த கொடியில் எதையும் வைக்காமல் உலரவிடுவது, இவற்றால்தான் 2015இல் இந்தியா அந்த நோயை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. ஒரு மரபைக் கைவிட்டதால் கிடைத்த உயிர்கள் அவை. சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தடவும் கற்பூரமும் கைக்குழந்தைக்கு வேண்டாம். வாய்க்குள் சிறிதளவு போனாலும் வலிப்பு வரும்.

உரை மருந்து இவற்றைவிட நுட்பமானது. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு ஆகியவற்றை வேகவைத்து உலர்த்தி, உரைகல்லில் தாய்ப்பாலோ வெந்நீரோ விட்டு இழைத்துக் குழந்தைக்குப் புகட்டுவார்கள். இத்தனை மாதக் குழந்தைக்கு இத்தனை இழை என்று அளவும் உண்டு. அளவுணர்வுள்ள மரபு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் கல்லின் சொரசொரப்பும் கையின் அழுத்தமும் வீட்டுக்கு வீடு வேறு. ஜாதிக்காயில் இரண்டு இழை கூடிப்போனால் குழந்தை அமைதியாகத் தூங்குகிறது என்று நாம் மகிழ்ந்திருப்போம். அது மயக்கமாக இருக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்ற மருத்துவ அறிவுரைக்கு இந்த இடத்தில் நான் முழுமையாகத் தலைவணங்குகிறேன்.

வசம்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வாங்கிய கிழங்கு. இரவில் பெயரைச் சொல்லக்கூட அஞ்சி, பேர் சொல்லா மருந்து என்றார்கள். விளக்குச் சுடரில் கருக்கி, எண்ணெயில் இழைத்து வயிற்றில் பூசுவார்கள், நாக்கில் தடவுவார்கள், வளையலாகக் கோத்துக் கையில் கட்டுவார்கள். அதன் எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது புற்றுக்கட்டிகள் உண்டானதால் அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. வட அமெரிக்காவில் இயல்பாக விளையும் வசம்பில் இந்தப் பொருள் இல்லை. ஐரோப்பிய வகையில் கொஞ்சம். இந்தியாவில் விளையும் வகையின் எண்ணெயில் பெரும்பகுதியே அதுதான். ஒரே செடி, ஊருக்கு ஊர் வேறு மருந்து. கருக்கும்போது எண்ணெயில் ஒரு பகுதி ஆவியாகும் என்பது உண்மை. எவ்வளவு ஆகும் என்பது சுடரையும் நேரத்தையும் பொறுத்தது. எந்தத் தாயும் அதை அளக்க முடியாது. வயிற்றின் மேல் பூசுவதோடு விட்டால்கூட, கையில் கட்டிய வளையலைக் குழந்தை நாளெல்லாம் சப்பிக்கொண்டிருக்கும்.

இந்த வசம்புக்கு இன்னொரு பழைய வேலையும் உண்டு. சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் காக்க அதைப் பயன்படுத்தினார்கள். விதைக்கு எடுத்து வைக்கும் பயறு, உளுந்து, துவரையில் அதன் பொடியைக் கலந்து வைத்தால் வண்டு அண்டாது. வண்டின் இனப்பெருக்கத்தைக் கெடுப்பதும் அதே பீட்டா அசரோன்தான். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் தானியத்தில் போட்டு மூடிவைத்து, அந்த நச்சுவாயு வீட்டுக்குள் கசிந்து ஆட்கள் சாகும் நாட்டில், விதைத் தானியத்துக்கு வசம்பு எவ்வளவோ மேல். உண்ணும் தானியத்துக்கு நொச்சி இலையும் வேப்பிலையும் நல்ல வெயிலில் காயவைப்பதும் போதும். நாட்டுமருந்துக் கடையில் வசம்பு வாங்குகிறவர்கள் அதை விதைப்பானைக்கு வாங்கட்டும். குழந்தையின் வயிறு உப்பினால் தோளில் சாய்த்து முதுகைத் தடவிக் காற்றை வெளியேற்றட்டும். குழந்தை விடாமல் அழுதாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உரைகல்லைத் தேடாமல் அந்த மணிநேரத்திலேயே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.